ரேடியோ ஒட்டிய கார்டு

அடுத்த வீட்டுச் சண்டையில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது என்று நான் சொன்னால் எங்கள் தெருவே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டுச் சண்டை நடப்பது என் தலைக்கு மேலே. கீழே என் தையல் கடை, மேலே அவர்கள் வீடு, நடுவில் ஒரு மரத்தளம். அங்கே கத்தரிக்கோல் கை தவறி விழுந்தால் இங்கே என் தையல் கோணலாகப் போகும். இத்தனையும் காதில் விழுந்த பிறகு வாயை மூடிக்கொண்டு காஜா எடுக்க நான் என்ன கல்லா?

மாடியில் மூன்று பேர். வாழ்த்துக் கார்டு செய்து பிழைக்கிற குடும்பம். கடைகளில் கம்பியில் மாட்டி வைத்திருக்கிற அச்சுக் கார்டு இல்லை. ஒவ்வொன்றையும் கையால் வரைந்து, வெட்டி, மடித்து, ஒட்டிச் செய்கிற கார்டு. என்ன படம் என்று யோசிப்பதும் வரைவதும் பெண்டாட்டி. வெட்டுவது, மடிப்பது, பசை காய்ச்சுவது, ஒட்டுவது எல்லாம் புருஷன். உள்ளே வாசகம் எழுதுவது புருஷனுடைய அக்கா, அதாவது பெண்டாட்டிக்கு நாத்தனார். நாத்தனாரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் உடம்பும் அந்தத் தொழிலுக்கு உதவும். ஒட்டின கார்டுகளை, உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் பட்டர் பேப்பர் வைத்து மூடி, மெத்தைக்கு அடியில் அடுக்கி அவளை மேலே உட்கார வைத்துவிடுவார்கள். அவள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்தால் போதும், கார்டு பலகை மாதிரி ஆகிவிடும்.

புருஷனுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். காலையில் பல் தேய்க்கும்போதே ஒலிபரப்பு தொடங்கிவிடும். மனசில் கள்ளம் கிடையாது, யாரையும் புண்படுத்திப் பேச மாட்டான், ஆனால் நிறுத்த மாட்டான். என்னிடம் ரிப்பன் துண்டு வாங்க வந்தால் கையில் ரிப்பனோடு நின்று ரிப்பனின் வரலாறு சொல்லுவான். பெண்டாட்டிக்குப் பட்டப்பெயர் கிடையாது. கார்டுக்காரி என்பார்கள், அவ்வளவுதான். வாயைத் திறந்தால்தானே பட்டப்பெயர் வைக்க முடியும்.

கார்டு வேண்டுமென்று வருகிறவரை அவள் முக்காலியில் உட்கார வைப்பாள். யாருக்குக் கார்டோ அவரைப் பற்றி ஒன்றிரண்டு கேள்வி கேட்பாள். அவங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வாங்க, வெளியே கிளம்பும்போது முதல்ல எதைக் கையில எடுப்பாங்க, இப்படி. கேட்டுவிட்டுப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். வந்தவர் யோசிப்பதற்குள் ரேடியோ அவருக்காகப் பதில் சொல்லி முடித்திருப்பான். வந்தவர் அவளைப் பார்த்து, என்ன கலர் போடுவீங்க என்று கேட்டால் அதற்கும் அவன்தான் பதில். அவள் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது எனக்கு நாக்கு நமநமவென்று இருக்கும்.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். கல்யாண நாளுக்குப் பெண்டாட்டிக்குக் கொடுக்க ஒரு கார்டு வேண்டும் என்றார். அன்றைக்கு ரேடியோ பேப்பர் வாங்கப் போயிருந்தான், அதனால் டிரைவரே பேசினார். பெண்டாட்டி தினமும் மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பாளாம். பஸ் நேரத்துக்கு வந்ததே கிடையாது, ஆனால் ஒருநாளும் ஏன் லேட் என்று கேட்டதில்லையாம். சொல்லும்போது அந்த மனுஷன் காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார்டுக்காரி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தக் கார்டை அவள் வரைந்த விதத்தை நான் கண்ணால் பார்த்தேன். தினம் ஏதாவது சாக்கு சொல்லி மாடிக்குப் போவேன். கீழ் மூலையில் கட்டை விரல் அளவுக்கு ஒரு பெண், கையில் பாத்திரம். அவ்வளவுதான். மற்ற இடம் முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு இருக்கிறதே. பெண்ணைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துவாள், அழிப்பாள், இன்னும் சிறிசாக்குவாள். திறந்தால் உள்ளே பஸ்ஸின் முகம் மடிப்பிலிருந்து எழுந்து நிற்கும். இந்த மாதிரிக் கார்டை அவர்கள் எழும்பு கார்டு என்பார்கள். வெளியே அத்தனை காத்திருந்து உள்ளே திறந்ததும் பஸ் வந்துவிடும். எனக்கே நெஞ்சு ஒருமாதிரி ஆனது, நானோ சுலபத்தில் இளகுகிறவள் இல்லை.

கார்டு வாங்க டிரைவர் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ கார்டை உறைக்குள் போடப் போனவன் ஒரு தரம் பார்த்தான். வெறிச்சென்று கிடக்கிறதே, பாவம் மனுஷன் கொடுக்கிற காசுக்கு இவ்வளவுதானா என்று தோன்றியிருக்கிறது. டிரைவரை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அந்த வெள்ளை முழுக்க ரோஜாப்பூ ஒட்டினான். ஓரத்தில் ஒரு சூரியன். சூரியனுக்கு ஜிகினா. டிரைவர் பூரித்துப்போய் வாங்கிக்கொண்டு போனார்.

கார்டுக்காரி ஈரத்தலையோடு வந்து பார்த்தபோது மேசையில் ரோஜா வெட்டின மிச்சம் கிடந்தது. அவன் விரலெல்லாம் ஜிகினா. அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவன்தான் கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் துணிப்பையில் இரண்டு சேலை எடுத்து வைத்தாள். அப்புறம் வாசலில் நின்று சொன்னது எனக்குக் கீழே தெளிவாகக் கேட்டது.

“தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இனி வீடு பூரா இடம் காலியாத்தான் இருக்கும். உங்க இஷ்டத்துக்கு நிரப்பிக்குங்க.”

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். பால் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு மிஷின் மிதிக்கக் கால் வரவில்லை.

அவள் போன பிறகு மாடி மாடியாக இல்லை. மழை வேறு விடாமல் பெய்தது. பேப்பர் எல்லாம் நமுத்துப்போய் ஓரம் சுருண்டது, பசை காய மாட்டேன் என்றது. இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டுக்கு ஒரு கார்டு சொல்லியிருந்தார்கள். ரேடியோவே படம் போட்டான். இரண்டு குழந்தையும் இரண்டு பூசணிக்காய் மாதிரி இருந்தன, இடைவெளி இல்லாமல் சுற்றிலும் நட்சத்திரம். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, இதுக்கு வாசகம் எழுத என் பேனா வராதுடா என்று மூடி வைத்துவிட்டாள். அக்கா வெங்காயம் வதக்கி முட்டை உடைத்து ஊற்றித் தட்டில் வைத்தால் அவன் தொடமாட்டான். ஆனால் பேச்சு மட்டும் குறையவில்லை. அவள் வந்துவிடுவாள், வராமல் எங்கே போவாள், கோபம் பசை மாதிரிதான், காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்று என்னிடமே நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். யாருக்குச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா? தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவளில்லாமல் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் வராமலே போய்விடுவாளோ என்று எனக்கும் பயம் வந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து அந்த டிரைவர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து நின்றார். கார்டைப் பார்த்து அவர் பெண்டாட்டி அழுதேவிட்டாளாம். ரோஜாவைத் தடவித் தடவிப் பார்க்கிறாளாம், தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறாளாம். ரேடியோவுக்கு முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. டிரைவர் படி இறங்குவதற்குள் இவன் செருப்பை மாட்டிவிட்டான். இதைப் போய் அவளிடம் சொல்லணும் என்றான். வேண்டாம் தம்பி, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றாதே என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. தனியாகப் போனால் இன்னும் என்னென்ன சொல்லி வைப்பானோ என்று நானும் குடையை எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

தங்கை வீடு சந்தைக்கு அந்தப் பக்கம். தங்கை புருஷனுக்கு ரொட்டிக் கடையில் வேலை, அதனால் அந்த வீட்டில் எப்போதும் சுட்ட மாவு வாசனை. கார்டுக்காரிதான் கதவைத் திறந்தாள். அவனைக் கண்டதும் அவள் கண் ஒரு நொடி மலர்ந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அந்த நொடியில் இவன் சும்மா நின்றிருந்தால் போதும்.

“பாத்தியா, டிரைவர் சம்சாரத்துக்கு அந்த ரோஜாதான் ரொம்பப் பிடிச்சிருக்காம். நான் அப்பவே நினைச்சேன்.”

“அவங்களுக்குப் பிடிச்சதுல எனக்கும் சந்தோஷம்தான்,” என்றாள் அவள். “எனக்குப் பிடிக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். அவன் டிரைவர் கொடுத்த இனிப்பு நன்றாக இருந்தது என்றான். அவள் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா.

திரும்பி வரும் வழியில் பாதி தூரம் பேசினான், பாதியில் பேச்சு நின்றுபோனது. நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன், நோவு கீவு வந்துவிட்டதோ என்று. வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் நடந்ததை நான்தான் சொன்னேன். அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தம்பியை முக்காலியில் உட்காரச் சொன்னாள்.

“உன் பொண்டாட்டி பேசி நீ கடைசியா எப்படா கேட்ட?”

“அவ எங்கக்கா பேசறா?”

“நீ எங்கடா விட்ட?”

வரைகிறவள் ஒரு இடத்தை வெறுமையா விட்டுவைத்தால் வேண்டுமென்றுதான் விட்டுவைத்திருக்கிறாள் என்று அர்த்தம், மறந்துபோய் விட்டாள் என்று அர்த்தமில்லை என்று நாத்தனார் சொன்னாள். அவன் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் அவன் ஒரு கார்டு செய்ய உட்கார்ந்தான். ஊரில் பாதிப் பேருக்கு மன்னிப்புக் கார்டு மடித்துக் கொடுத்தவன், தன் பெண்டாட்டிக்கு ஒன்று செய்யத் தெரியாமல் திண்டாடினான். அவளுக்குத் தெரியாத படம் எது, தெரியாத மடிப்பு எது? கடைசியில் இந்த வீட்டையே எழும்பு கார்டாகச் செய்வது என்று முடிவு செய்தான். மாடிப்படி, ஜன்னல், ஜன்னலில் அவள், வாசலில் இவன். மடிப்புகளைத் தேக்கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கினான். வெட்டுகிற வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நானும் மிஷினை மூடிவிட்டு மேலேயே இருந்தேன், ஏனென்றால் அவன் கை அடிக்கடி ரோஜாத் தாளின் பக்கம் போனது. நாத்தனார் கத்தரியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் டீ போடப் போன நேரத்தில் ஒரு சின்னக் கொத்து ஒட்டிவிட்டான். கேட்டால், வாசல் மொட்டையா இருந்துச்சுக்கா என்றான். நான் தலையைத் திருப்பி ஊசிக்கு நூல் கோப்பதற்குள் ஜன்னலுக்கு மேலே இன்னொரு கொத்து. இரண்டு பொம்பிளைகள் காவல் இருந்தும் அந்த வீடு ரோஜாத் தோட்டமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நாத்தனாருக்கும் வந்துவிட்டது. அவனும் சிரித்தான், அவள் போன பிறகு அன்றைக்குத்தான் முதல் முதலாகச் சிரித்தான்.

வாசகத்தை எழுத நாத்தனார் மறுத்துவிட்டாள். உன் பொண்டாட்டிக்கு நீதான் எழுதணும் என்றாள். அவனுடைய காக்காய்க்கால் எழுத்தில் பக்கம் முழுக்க எழுதினான், ஓரத்தில் திருப்பியும் எழுதினான். எங்களைப் படிக்க விடவில்லை. அப்புறம் ஈரத்தோடு ஈரமாக மூடி, மெத்தைக்கு அடியில் வைத்து, அக்காவை மேலே உட்காரச் சொன்னான். அவளும் பக்தியோடு மத்தியானம் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மூவருமாகக் கிளம்பினோம். அவன் சட்டைக்கு அடியில் கார்டை மழை படாமல் அணைத்துக்கொண்டு வந்தான். இந்தத் தடவை தங்கைதான் கதவைத் திறந்தாள். கார்டுக்காரி சமையலறையில் தங்கை புருஷனோடு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ உள்ளே போய்க் கார்டை நீட்டினான். நாங்கள் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தபடி வாயைத் திறக்கவில்லை. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள், முன்னும் பின்னும் பார்த்தாள், திறக்கப் போனாள்.

திறக்கவில்லை.

நகத்தைக் கொடுத்துப் பார்த்தாள். ஓரத்தை வளைத்துப் பார்த்தாள். கார்டு அசைந்து கொடுக்கவில்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

“பசை கெட்டி,” என்றாள். “பட்டர் பேப்பர் வெக்கலையா?”

அவன் முகத்தைப் பார்க்கணுமே. ஊரில் எத்தனை பேருக்கு அந்தப் பாடத்தைச் சொல்லியிருப்பான், என்னிடமே எத்தனை தரம் சொல்லியிருப்பான். நடுவில் பட்டர் பேப்பர் வைக்காமல் மூடாதே, மூடினால் கார்டு இல்லை, அட்டை. பெண்டாட்டிக்குச் செய்கிற பதட்டத்தில் மறந்துபோய்விட்டான். அவன் மறந்ததன் மேல் நாத்தனார் தன் கனத்தையெல்லாம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கார்டுக்காரி அவனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அவள் கண் கார்டு மேலேயே இருந்தது. அந்தக் கோபமெல்லாம் அப்படியேதான் இருந்திருக்கும், ஆனால் ஒட்டிப்போன கார்டைச் சும்மா விட அவள் கை ஒப்பவில்லை. அடுப்பில் டீக்கு வைத்த கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில காட்டலாம் என்றாள். அவனை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள், மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டு மெல்லிய ரொட்டிக் கத்தியை இடுக்கில் நுழைத்தாள். ஆவி அவன் விரலைச் சுட்டது. அவன் ஏதோ சொல்ல வந்தான்.

“பேசாதீங்க. பேசினா ஆடுது.”

அவன் பேசவில்லை. அவள் முடி இழை முடி இழையாகக் கத்தியை நகர்த்தினாள். தங்கை வீட்டுச் சமையலறையில் நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், ஏதோ குழந்தை பிறக்கப் போகிற மாதிரி. கெட்டில் சத்தமும் வெளியே மழைச் சத்தமும்தான். ரேடியோ இருக்கிற இடத்தில் இப்படி ஒரு அமைதியை நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

கடைசியில் கார்டு வாயைத் திறந்தது. உள்ளே எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. வீடு ஒரு பக்கத்தில் நசுங்கிப் படுத்திருந்தது, ரோஜாக்கொத்துகள் அதோடு. வாசலில் நின்றவன் தலைகீழாக ரோஜாக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் எழுதியதெல்லாம் மை ஊறி நீலத் தண்ணீராகியிருந்தது. ஜன்னலில் இருந்த பெண் மட்டும் பிய்ந்து வந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் வேறு ஒன்றுமே இல்லை.

கார்டுக்காரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“நான் இங்க தனியா நல்லாத்தான் இருக்கேன் போலிருக்கு,” என்றாள்.

முதலில் சிரித்தது தங்கை புருஷன்தான். அப்புறம் தங்கை, அப்புறம் நாங்கள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ரேடியோ ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தான். கார்டுக்காரியும் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உள்ளே எழுதியிருந்ததைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான். அவள் விரலை உயர்த்தினாள்.

“என்ன எழுதினீங்கன்னு சொல்லாதீங்க. சொன்னா இதுவும் நீங்க பேசினதாத்தான் ஆகும். இப்ப நான் பேசப் போறேன்.”

அவன் ஒரு முக்காலியைத் தேடி உட்கார்ந்தான். கார்டு வேண்டுமென்று வருகிறவர்கள் உட்காருவது போலவே கையை மடியில் வைத்துக்கொண்டான்.

டிரைவர் கார்டிலிருந்து தொடங்குவாள் என்று நினைத்தேன். அவள் எங்கேயோ ஆதியிலிருந்து தொடங்கினாள். கல்யாணமான புதிதில் அவள் ஒரு வாத்து வரைந்தாளாம். தண்ணீரில் போகிற சின்ன வாத்து. அவன் அதற்குத் தொப்பி போட்டானாம்.

“அந்த வாத்துக்குத் தொப்பி வேண்டாம்னு அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க தொப்பியைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டீங்க. நல்லா பேசினீங்க. எனக்கும் கேக்கப் பிடிச்சிருந்துச்சு. அதுதான் தப்பாப் போச்சு.”

அப்புறம் ஒரு மஞ்சள் குடை, அதற்கப்புறம் ஒரு ஜன்னல், ஒவ்வொன்றாக வந்தது. அவள் குரல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நடுவில் ஒரு வேடிக்கை சொன்னாள், தங்கை புருஷனுக்குப் புரை ஏறிவிட்டது. இத்தனை நாள் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாள்? நான் இன்னும் கேட்டுக்கொண்டே நின்றிருப்பேன், தங்கைதான் என்னையும் நாத்தனாரையும் ஆளுக்கொரு ரொட்டியைக் கையில் கொடுத்து, நீங்க முன்னாடி போங்கக்கா, அவங்க வருவாங்க என்று வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். நியாயம்தான். ஆனாலும் எனக்கு வருத்தம்தான்.

நாங்கள் வீட்டுக்கு வந்து என் கடை வாசலில் உட்கார்ந்தோம். நாத்தனார் மேலே போய்ச் சாப்பாட்டைச் சூடு பண்ணிவிட்டு வந்தாள். மழை தூறலாகிவிட்டிருந்தது. தெருமுனையில் அவர்கள் வருவது தெரிந்தது. அவன் கையில் அவள் துணிப்பை. அவள் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு வந்தாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் வந்ததும் அவன் பையை முதல் படியில் வைத்தான். அவள் நிற்கவில்லை. சொல்லிக்கொண்டிருந்ததில் பாதியில் இருந்தாள், அப்படியே படியைத் தாண்டி நடந்து போய்விட்டாள். அவன் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார்கள். மறுபடியும் படியைத் தாண்டிப் போனார்கள். நாத்தனார் சாப்பாடு ஆறுகிறது என்று கூப்பிட எழுந்தாள், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அடுத்த தடவை வரும்போது தூறல் கொஞ்சம் வலுத்திருந்தது. நான் கடைக்குள் போய்க் குடையை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். ரேடியோ என்னிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டான், தலையை மட்டும் ஆட்டினான், விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனான்.